இறுதியாட்டத் தோல்வியும் மதுரை ரசிகரின் வினையெச்சமும்

இறுதியாட்டத் தோல்வி என்பது தோல்விகளுள் தனி இனம். முதல் சுற்றிலேயே மூட்டை கட்டும் அணியின் ரசிகர் அன்றிரவே சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறார். கடைசிவரை வந்து தோற்ற அணியின் ரசிகர் நிலைமை வேறு. பந்தியில் உட்கார்ந்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் வைத்த பிறகு சோறு தீர்ந்துவிட்டதென்று சொல்லப்பட்டவரின் நிலை அது. இந்நிலை மதுரையிலும் அதைச் சுற்றிய சமவெளியிலும் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதே இங்கு ஆய்வுப் பொருள்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும் நிகழ்வு, 2022 மே 26 அன்று புவனேசுவரம் கலிங்கா மைதானத்தில் நடந்தது. இந்திய மகளிர் லீக் போட்டியில் மதுரையின் சேது எஃப்.சி.யும் கேரளத்தின் கோகுலம் கேரளாவும் கடைசி ஆட்டத்தில் மோதின. அதுவரை இரண்டும் ஆடிய 10 ஆட்டங்களிலும் வென்றிருந்தன. கோல் வித்தியாசம் கோகுலத்தின் பக்கம் இருந்ததால் அவர்களுக்குச் சமன் போதும். சேதுவுக்கு வெற்றி ஒன்றே வழி. லீக் முறையில் இறுதியாட்டம் என்று ஒன்று கிடையாது, ஆகவே இதை இறுதியாட்டத் தோல்வி எனலாமா என்று கேட்போர் உண்டு. அப்படிக் கேட்பவர்கள் எந்த அணிக்கும் ரசிகராக இருந்ததில்லை என்று கொள்க.

ரேணு தொடக்க நிமிடங்களிலேயே கோல் போட்டு சேதுவை முன்னுக்குக் கொண்டுவந்தார். பிறகு கோகுலத்தின் ஆஷாலதா தேவி பெனால்டியில் சமன் செய்தார். எல்ஷடாய் அச்சியம்பாங் ஒன்று, மனீஷா கல்யாண் ஒன்று. இடைவேளைக்குள் கோகுலத்துக்கு 3-1. இரண்டாம் பாதியில் கோலே இல்லை. ரசிகர் இன்றுவரை குடியிருப்பது அந்த 45 நிமிடத்தில்தான். கோகுலம் 33 புள்ளி, சேது 30. தொடர் முழுவதும் தோற்றது ஒரே ஆட்டம். தோற்கக் கூடாத ஆட்டமும் அதுவே.

இந்த இனத்தின் முதல் இடர், துக்கம் விசாரிக்க ஆளில்லாமை. வைகை மணலில் தண்ணீர் இல்லாத மாதங்களில் நடப்பது கிரிக்கெட். சுவரொட்டிகளில் இடம்பிடிப்பவை காதுகுத்து விழாக்களும் கட்சித் தலைவர்களும் நடிகர்களும். எனவே தோற்றதைச் சொல்வதற்கு முன் ஆட்டம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை டீக்கடை உரையாடலின் மாதிரி வடிவம் பின்வருமாறு:

“என்ன தம்பி, மூஞ்சி தொங்கிப்போய்க் கெடக்கு?”

“ஃபைனல்ல தோத்துட்டோம்ணே.”

“ஐபிஎல்லா? அது ஞாயித்துக்கெழமைல்ல?”

“சேதுண்ணே, சேது.”

“விக்ரம் நடிச்சதா? அது வந்து இருவது வருசத்துக்கு மேல ஆச்சேப்பா.”

உலகக் கோப்பைத் துக்கத்தோடு ஒப்பிட்டால் இந்தத் தனிமை விளங்கும். 2014 ஜூலை 14 அதிகாலை மூன்று மணியை நெருங்கும்போது 113ஆம் நிமிடத்தில் ஜெர்மனியின் கோட்சே அடித்த கோலுக்கு அர்ஜென்டினா ரசிகர்கள் கூட்டமாகவே அழுதார்கள். தூங்கா நகரத்தில் அந்நேரத்துக்கும் எங்கோ தோசைக்கல்லில் கொத்துப் பரோட்டா சத்தம் கேட்கும். அதற்குள் விசும்பல் அமுங்கிவிடும். சென்னையின் எஃப்.சி. 2020 மார்ச் 14 அன்று ஆளில்லாத ஃபட்டோர்டா மைதானத்தில் ஐ.எஸ்.எல். இறுதியாட்டத்தில் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றபோது வேறு வசதி வாய்த்தது. பத்தே நாளில் ஊரடங்கு வந்து, எல்லார் மூஞ்சியும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. சேது ரசிகருக்கு இவ்விரண்டும் இல்லை.

அடுத்து மொழி. தோற்ற ரசிகரின் பேச்சில் மிகுந்து வரும் சொல் ‘மட்டும்’. “அந்தப் பெனால்டி மட்டும் குடுக்காம இருந்திருந்தா...” இந்தச் சொல் ஒரு நிமிடத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி மற்ற 89 நிமிடங்களையும் விடுதலை செய்கிறது. வாக்கியம் முடிவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ‘இருந்திருந்தா’ என்பது வினையெச்சம். முற்று வந்தாக வேண்டும். முற்று ஸ்கோர்போர்டில் இருப்பதால் ரசிகர் அதைச் சொல்லாமல் டீயைக் குடிக்கிறார்.

இலக்கணம் இங்கே இன்னொன்றும் காட்டுகிறது. தமிழில் நிபந்தனை எச்சம் இறந்தகால அடியின் மேல் கட்டப்படுவது. ‘போட்டால்’ என்பது இன்னும் போடாத கோலைப் பற்றியது, ஆனால் உடம்பில் ‘போட்ட’ இருக்கிறது. ஆகவே “அடுத்த வருசம் ரெண்டு கோல் போட்டா” என்ற நம்பிக்கையும் “அன்னைக்கு ரெண்டு கோல் போட்டிருந்தா” என்ற புலம்பலும் ஒரே மாவில் சுட்டவை. இரண்டுக்கும் இடையில் கூடுதலாக நிற்பது ‘இரு’ என்ற துணைவினை மட்டுமே. தனியாக நின்றால் அதற்குப் ‘பொறு’ என்று பொருள். இலக்கண ஆசிரியர்கள் கால்பந்து பார்த்ததாகச் சான்று இல்லை.

ஆறுதல்களுள் தலையாயது தாஷ்கண்ட் வாதம். பட்டம் வென்ற கோகுலம் ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காக 2022 ஆகஸ்டில் உஸ்பெகிஸ்தான் தலைநகர் போய்ச் சேர்ந்தது. அதே நேரம் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. அணி ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பியது. தடை ஆகஸ்ட் 26 அன்று நீங்கியும் பயனில்லை. “ஜெயிச்சிருந்தா நம்ம பிள்ளைகள்ல அங்க போய் மாட்டியிருக்கும்” என்று ரசிகர் சொல்லும்போது குரலில் தகப்பன் கவலை தெரிகிறது. வாதம் தர்க்கத்தில் குறையற்றது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு மேல் வேலை செய்வதில்லை.

எதிர்கால நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இதே சேது இந்திய மகளிர் லீக் பட்டத்தை எடுத்தது. அதே 3-1, அப்போது சரியான பக்கத்தில். நடந்திருக்கிறது, ஆகவே நடக்கும் என்பது ரசிகரின் முறைமை. மழை பற்றி மானாவாரி விவசாயி கொண்டிருக்கும் முறைமையும் இதுவே. 2022 தோல்விக்குப் பிறகும் கோப்பை 2023-24இல் ஒடிசாவுக்கும் 2024-25இல் ஈஸ்ட் பெங்காலுக்கும் போனது. ரசிகர் தம் வாக்கியத்தில் ஆண்டை மட்டும் மாற்றிக்கொண்டார்.

சுற்றுச்சூழலில் சிறு மாற்றம் காணப்படுகிறது. டீ மாஸ்டர் இப்போது ஆற்றிக்கொண்டே தாமாகக் கேட்கிறார்: “என்ன தம்பி, இந்த வருசம் சேது எப்படி?” ரசிகர் நிமிர்ந்து உட்கார்ந்து அணி விவரம் சொல்லத் தொடங்குகிறார். பாதியில் அடுத்த கேள்வி வருகிறது: “டாஸு யாரு ஜெயிச்சா?”