நயாகரா நியதி: அயலகத் தம்பதியர் விருந்தோம்பல் குறித்த ஓர் அளவை ஆய்வு

நியூ ஜெர்சியில் குடியிருக்கும் தமிழ்த் தம்பதியரின் பயணங்கள் அவர்கள் விருப்பத்தால் நிகழ்வதில்லை. ஊரிலிருந்து வருபவரின் விமானச் சீட்டால் நிகழ்கின்றன. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம், எடிசன் நகரின் ஓக் ட்ரீ சாலைக்கு அருகில் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீடு. தகவலாளிகள்: ஆய்வாளரின் பெற்றோர், மாமனார், மாமியார், தென்காசிப் பெரியம்மா, கல்லூரித் தோழர்கள் சிலர், "பாஸ்டன் வரைக்கும் வந்துட்டேன், பக்கத்துலதானே" என்று தொலைபேசியில் அறிமுகமாகி நான்கு நாள் தங்கிச் சென்ற ஒரு தோழரின் மைத்துனர். நிதியுதவி: ஆய்வாளரின் கடன் அட்டை. நெறியாளர்: ஆய்வாளரின் மனைவி. இவ்வாய்வின் முடிபுகளை அவர் ஏற்கவில்லை.

ஆய்வு முறையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பொருளை அறியும் வழிகளை நம் முன்னோர் அளவை என்றனர். பத்து அளவைகளை மணிமேகலை எண்ணிக் காட்டுகிறது. சைவ சித்தாந்திகள் காட்சி, கருதல், உரை என மூன்றுக்குள் அவற்றை அடக்கிக்கொண்டார்கள். நேரில் காண்பது காட்சி. புகை கண்டு நெருப்பு உண்டென்று கொள்வது கருதல். நம்பத் தகுந்தவர் சொல்லக் கேட்டு ஏற்பது உரை. நயாகராவை அறிய இம்மூன்றும் வேண்டியிருக்கிறது என்பதும், மூன்றில் வலியது உரையே என்பதும் போகப் போகப் புலனாகும்.

முதலில் விருந்தினர் வகைப்பாடு. தங்கும் கால அளவே இதற்கு அடிப்படை. உறவு முறை இரண்டாம் பட்சம். பெற்றோர் பெரும்பாலும் முதன்முறை வருவது பிரசவத்தையொட்டி. பெண் வீட்டார் ஆறு மாதம் இருந்து திரும்ப, பிள்ளை வீட்டார் அடுத்த ஆறு மாதம் பொறுப்பேற்கிறார்கள். வருகை விசாவில் வருவோருக்கு விமான நிலையத்தில் வழக்கமாகக் கிடைக்கும் தங்கும் காலமும் ஆறு மாதம்தான். அமெரிக்கக் குடிவரவுத் துறையும் தமிழ்ச் சம்பந்தி மரபும் கலந்து பேசாமலே ஒரே கணக்குக்கு வந்திருப்பது தனி ஆய்வுக்குரியது. தோழர்கள் வார இறுதிக்கு வருபவர்கள். பெரியம்மாக்கள் இவ்விரு வகையிலும் அடங்குவதில்லை. அவர்கள் எப்போது கிளம்புவார்கள் என்பது பயணச் சீட்டில் இருக்கும், பேச்சில் வராது.

வருவோர் கொணரும் பொருள்களைப் பற்றி விரித்தால் கட்டுரை பெட்டியாகிவிடும். ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. அதற்குள் பருப்புப் பொடி, வடகம், மாவடு, வெள்ளிக் கொலுசு. பச்சைக் கறிவேப்பிலைக்கு மட்டும் அனுமதியில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் குடியிருக்கும் என்பது காரணம். "ஒரு கொத்துதானே" என்ற வாதம் சுங்க அதிகாரியிடம் எடுபட்டதாகச் சான்றில்லை.

இனி நியதிக்கு வருவோம். வந்தவர் எவராயினும், எந்த வயதினராயினும், மூட்டு வலி உடையவராயினும், வந்த ஆறாவது வாரத்துக்குள் நயாகராவுக்கு அழைத்துச் செல்லப்படுவார். எடிசனிலிருந்து ஏறத்தாழ 400 மைல். ஏழு பேர் வண்டி வாடகைக்கு எடுக்கப்படும். புளியோதரையும் தயிர் சாதமும் கட்டப்படும். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்புவதென்று முடிவாகி ஏழரைக்குக் கிளம்புவார்கள். முதல் ஓய்விடத்திலேயே புளியோதரை தீர்ந்துவிடும். அடுத்த 300 மைலும் தயிர் சாதத்தை நம்பியே.

பாதி வழியைத் தாண்டியதும் கார்னிங் என்ற ஊரில் கண்ணாடி அருங்காட்சியகம். அங்கே வண்டி நிற்பது கழிப்பறைக்காக. உள்ளே நுழைந்த பிறகுதான் அது அருங்காட்சியகமாகிறது. கலிபோர்னியாவின் பாலோமர் மலைத் தொலைநோக்கிக்காக 1934-ல் வார்த்த, 200 அங்குல விட்டமுள்ள கண்ணாடி வட்டு ஒன்று அங்கே நிற்கிறது. முதல் வார்ப்பு குறைபட்டுப் போனதால் மலைக்குச் சென்றது இரண்டாவது வட்டு. இங்கே பார்வைக்கு இருப்பது குறைபட்டது. மேட்டூர்க்காரரும் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவருமான மாமனார் அதன் முன் வெகுநேரம் நின்றார். பிறகு, "மாப்பிள்ளை, நம்ம அணையும் 1934-தானுங்க. ஒரே தடவையில கட்டி முடிச்சாங்க" என்றார். இந்த ஒப்பாய்வுக்கு அருங்காட்சியகத்தார் தரப்பில் மறுப்பு வரவில்லை.

நயாகரா கண்ணுக்குப் படுமுன் கருத்துக்குப் படுகிறது. ஊரை நெருங்கும்போது வானத்தில் வெண்புகை எழும். புகை கண்டு நெருப்பைக் கருதச் சொன்ன அளவை நூலார் இங்கே வந்திருந்தால் நூலைத் திருத்தியிருப்பார்கள்; இது புகை கண்டு நீரைக் கருதும் இடம். அதன் பின் காட்சி. குதிரை லாட வடிவ அருவி ஏறத்தாழ 57 மீட்டர் உயரம். அதைக் கண்டவர் வாய் பிளந்து நிற்பார் என்பது பொது விதி. மாமனார் விதிவிலக்கு. வினாடிக்கு எத்தனை கன அடி என்று கேட்டார். 1950-ல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கோடையில் காலை 8 மணி முதல் இரவு 10 மணி வரை ஒரு லட்சம் கன அடிக்குக் குறையாமல் அருவியில் விட வேண்டும். சொன்னதும் அவர் முகம் மாறியது.

"ஒரு லட்சமா? கரையோரத்துல தண்டோரா போட்டாச்சுங்களா?"

காவிரிக் கரையில் பிறந்தவருக்கு ஒரு லட்சம் கன அடி என்பது சுற்றுலா எண்ணன்று. ஒகேனக்கல்லில் பரிசல் நின்று, அருவியில் குளிக்கத் தடை வந்து, செய்தித்தாளில் முதல் பக்கம் ஏறும் எண். ஆயிரக்கணக்கானோர் நீல மழையங்கி மாட்டிக்கொண்டு, படகேறி, அந்த வெள்ளத்தின் அடிவாரத்துக்கே சிரித்தபடி போவதை அவர் ஒரு நிர்வாகக் கோளாறாகவே கண்டார். அந்தப் படகுச் சேவை 1846-லேயே தொடங்கியது என்று சொல்லியும் சமாதானமில்லை. அவரைச் சமாதானப்படுத்தியது வேறொரு செய்தி. இரவு பத்துக்குப் பிறகு 50,000 கன அடி விட்டால் போதும். மிச்சத் தண்ணீர் மின் நிலையங்களுக்குத் திரும்பிவிடும். "ஆளுங்க தூங்கப் போனதும் பாதியை மூடிடறானா! இதுதானுங்க நிர்வாகம்." மறுநாள் அருவிப் பக்கம் அவர் திரும்பவில்லை. 1961-ல் இயங்கத் தொடங்கிய ராபர்ட் மோசஸ் மின் நிலையத்தின் பார்வையாளர் கூடத்தில் மாலை வரை இருந்தார். முதல் நாளும் நிக்கோலா டெஸ்லாவின் சிலைக்குப் பக்கத்தில்தான் படம் எடுத்துக்கொண்டார். அருவி பின்னணியில் விழுந்த படம் அவரிடம் ஒன்றுகூட இல்லை.

பெரியம்மாவின் கேள்வி ஒன்றே ஒன்று: "எய்யா, குளிக்க விடுவானா?" குற்றாலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வளர்ந்தவர்களுக்குக் குளிக்க முடியாத அருவி அருவியாகாது. இதற்கு அமெரிக்கத் தரப்பின் நெருங்கிய விடை, 'காற்றுக் குகை' எனப்படும் மரப் படிக்கட்டு. பனிக்கட்டி உடைத்துவிடும் என்பதால் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கழற்றி, வசந்தத்தில் மீண்டும் கட்டும் படிக்கட்டு இது. உச்சித் தளத்தில் நின்றால் சாரல் முகத்தில் அறையும். பெரியம்மா தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார். சீட்டோடு தரும் செருப்பு தென்காசி வீட்டுக் குளியலறையிலும், படகின் நீல அங்கி ஒரு டிவிஎஸ் ஐம்பதின் மேலும் இன்றும் புழக்கத்தில் இருப்பதைத் தொல்லியலார் கவனிக்க.

இப்போது உரை அளவை. அருவியின் முன் நிற்கும் ஒவ்வொரு தமிழரிடமும் யாராவது ஒருவர் வந்து சொல்வார்: "கனடா பக்கம்தான் பிரமாதமா இருக்கும்." இது உண்மை. அருவி கனடாவைப் பார்த்து விழுகிறது. அமெரிக்கப் பக்கத்தில் நிற்பவர் மேடையில் ஆடுபவரின் முதுகுப் பக்கம் இடம் கிடைத்தவர். இரவில் வண்ண விளக்குகளை அருவிமேல் வீசுவதும் கனடாப் பக்கத்திலிருந்தே. 1941-ல் திறந்த வானவில் பாலத்தை நடந்தே கடக்கலாம், கனடா விசா இருந்தால். இந்தியக் கடவுச்சீட்டில் அமெரிக்க விசா மட்டும் இருப்பவருக்கு அக்கரை கண்ணுக்கு எட்டும், காலுக்கு எட்டாது. ஆகவே நயாகராவின் சிறந்த காட்சி, ஆய்வாளருக்கும் அவர் விருந்தினருக்கும் கேள்வியால் மட்டுமே சித்திக்கிறது. சொன்னவரைக் கேட்டால் அவரும் போனதில்லை. அவருக்கும் ஒருவர் சொன்னது.

விடுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலைச் சிற்றுண்டி இலவசம். வாழைப்பழங்கள் கைப்பையில் ஏறும். வாஃபிள் இயந்திரத்தைத் திருப்பிப் போடும் உரிமை குடும்பத்தின் மூத்த ஆணுக்கு. திரும்பும் வழியில் ரோச்செஸ்டருக்கு அருகே ரஷ் என்ற சிற்றூரில் ராஜராஜேஸ்வரி பீடம் இருக்கிறது. பெண்களும் அமர்ந்து பூசை செய்யும் கோயில். பெரியம்மா அங்கிருந்து எழுந்து வர மறுத்தது, மொத்தப் பயணத்தில் யாரும் எதையும் உண்மையாகவே விரும்பிய ஒரே தருணம் என்று பதிவு செய்கிறேன்.

தோழர் வகையினர் நயாகராவைப் புகைப்படக் கடமையாக முடித்துக்கொண்டு வுட்பரி தள்ளுபடிக் கடைகளுக்கு ஓடுபவர்கள். அவர்களிடம் ஆராய ஒன்றுமில்லை.

இனி நெறியாளர் முன்வைக்கும் பரபக்கம், அதாவது மறுதரப்பு வாதம். அவர் கூற்றைச் சுருக்காமல் தருகிறேன்: "உங்க அப்பா வந்தா ஒரு சனிக்கிழமையாவது அவரோட முழுசா வீட்ல உக்காந்திருக்கீங்களா? பேச்சு தீந்துடுமோன்னு வண்டிய எடுக்குறீங்க. நயாகராவுக்கு அவங்களா கேட்டாங்க?" இதற்கு அவர் காட்டும் சான்றுகள் எளிதில் தள்ளக்கூடியவையல்ல. அப்பா நாள்தோறும் தெருமுனை வரை நடந்து, "ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல" என்று திரும்பி வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, மகன் அலுவலகக் கூட்டம் முடித்து அறையை விட்டு வருவதற்காகக் காத்திருந்தார். மகன் வெளியே வந்ததும் கேட்டது, "சாப்பிட்டியா" என்று மட்டும். இருவருக்கும் அதற்குமேல் தொடரத் தெரியவில்லை. மகன் அன்றிரவே கார்னிங் வழியாக எத்தனை மணி நேரம் என்று பார்க்கத் தொடங்கினார். அம்மா ஊருக்குப் போய் அக்கம்பக்கத்தில் விவரித்தது அருவியை அல்ல, பாத்திரம் கழுவும் இயந்திரத்தை. அதையும் அவர் கழுவ ஓட்டியதில்லை. கையால் கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும் அலமாரியாகவே ஆறு மாதமும் ஆண்டார்.

இவ்வாதத்துக்கு ஆய்வாளரிடம் விடை உண்டு. இடம் போதாமையால் இங்கே தரப்படவில்லை.

துணை முடிபு ஒன்று எஞ்சுகிறது. கிராண்ட் கேன்யனுக்கு நாம் இருவர் மட்டும் போக வேண்டும் என்ற தீர்மானம் இத்தம்பதியரிடம் திருமணமான ஆண்டு முதல் நிலுவையில் இருக்கிறது. விருந்தினர் இல்லாத மாதங்களில் அவர்கள் சென்ற தொலைதூரப் பயணம் எதற்கும் புகைப்படச் சான்று கிடைக்கவில்லை. விருந்தினர் இருக்கும் மாதங்களில் விடுப்பு நாள்கள் தீர்ந்துவிடுகின்றன.

இக்கட்டுரை முடிவுறும் தறுவாயில் தென்காசியிலிருந்து சித்தப்பா அழைத்தார். அமெரிக்க விசா கிடைத்துவிட்டதாம், ஜூனில் வருகிறார்களாம். "எய்யா, கையோட கனடாவுக்கும் எடுத்துருவமா? அந்தப் பக்கம்தான் பிரமாதமா இருக்குன்னு உங்க பெரியம்மா பாத்துட்டு வந்து சொன்னாக."