பெற்றவரை எப்படிக் கூப்பிடுவது: குடும்பத்தாருக்குச் சில யோசனைகள்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ உங்கள் வீட்டில் அப்பா, "நான் திருநங்கை, இனிமே இதுதான் என் பேரு" என்று சொல்லிவிட்டாரா? முதலில் சொந்தபந்தத்தைக் கூட்டி, "இத்தனை வருஷமாப் பழகின பேரு, புதுசு வாயில வரமாட்டேங்குதே" என்று அழுதுவிடுங்கள். கோதை ஆண்டாளானதும் விஷ்ணுசித்தர் பெரியாழ்வாரானதும் அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வரக்கூடாது. 1997-ல் காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானபோது உங்கள் வாய் சுளுக்கிக்கொள்ளவில்லை என்பதையும் மறந்துவிடுங்கள்.

அடுத்தது அவரா, அவளா. குடும்பங்கள் உண்மையான திறமையைக் காட்டுவது இங்கேதான். இதுவரை "அப்பா வந்தாங்க, சாப்பிட்டாங்க" என்றுதான் பேசியிருப்பீர்கள். அந்த "ங்க"வில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அப்படியே விட்டிருந்தால் மாற்ற ஒன்றுமே இருந்திருக்காது. ஆகவே முதல் வேலையாக அதைக் கைவிடுங்கள். சேலை கட்டிய மறுநாளே "அது வந்துச்சு, அது தின்னுச்சு" என்று இறங்கிவிட வேண்டும். வாசலில் கட்டியிருக்கும் ராஜபாளையம் நாயை மட்டும் வழக்கம்போல "டைகர் சாப்பிட்டானா?" என்று விசாரியுங்கள். சாதி நாய், கோபித்துக்கொள்ளும்.

தாராள மனசுக்காரர்கள் "அவ வந்தா" என்பார்கள். பெண்ணென்று ஒப்புக்கொண்டாயிற்றே, அப்புறம் மரியாதை எதற்கு? அம்மாவுக்கு இத்தனை நாளும் அந்த "அவ"தானே கிடைத்தது.

பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். "அப்பா, கொசுவத்தைச் சரியாப் பிடிங்க" என்று சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள். 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் திருநங்கையாகத் திரும்பி வந்த அப்பாவை அப்படியே ஏற்றுக்கொண்டு மகன் ராசுக்குட்டியும் காரியத்தைக் கெடுத்தான்.

காகிதம் கேளுங்கள். 2019 திருநர் உரிமைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தரும் சான்றைக் காட்டினால், "கலெக்டர் சொன்னா ஆச்சா?" என்று கேளுங்கள். கோழிக்கோட்டுத் திருநர் தம்பதியின் குழந்தைக்கு, அப்பா, அம்மா என்று பிரிக்காமல் 'பெற்றோர்' என்று மட்டும் போட்டுப் பிறப்புச் சான்றிதழ் தரச் சொல்லி 2025-ல் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மாமாக்கள் காதில் இது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் கல்யாணப் பத்திரிகைதான் பெரிய சிக்கல். பழைய பேரை அடித்துவிட்டு, ஆளை மண்டபத்துப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். பந்தல் செலவுக்கு ஜிபேயில் பணம் வரும், புதுப் பேரிலேயே. அந்தப் பேரை மட்டும் யாரும் தப்பாக வாசிப்பதில்லை.