அத்தை கிளம்பினால் கம்பெனி காலி

இடைசெவலில் முதன்முதலில் டேட்டா அள்ளியவர் எழுத்தாளர் கி.ரா.தான். ஊர்ப்பேச்சு, வசவு, விடுகதை, பிள்ளைகள் தூங்கின பிறகு மட்டும் சொல்லக்கூடிய கதைகள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. யாரையும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று பொத்தானை அமுக்கச் சொன்னதுமில்லை. ஆனால் அள்ளியதை அகராதியாகவும் கதையாகவும் ஊருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்து வந்த கம்பெனிக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

2021 ஜனவரி. பெய்யக்கூடாத நேரத்தில் மழை பெய்து, கரிசலில் உளுந்தும் பாசியும் செடியிலேயே முளைத்துக் கிடந்தன. அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப் ஒரு தாக்கீது விட்டது: உங்கள் விவரம் சிலவற்றை பேஸ்புக்கோடு பகிர்ந்துகொள்வோம், பிப்ரவரி 8-க்குள் சம்மதியுங்கள், இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள். ஐரோப்பாவில் சட்டம் கெடுபிடி; அங்கே மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டது. பக்கத்துக் கயத்தாற்றில் 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட கம்பெனிகூடக் கிஸ்திதான் கேட்டது. சித்தப்பா மகனின் போன் நம்பரைக் கேட்கவில்லை.

டீக்கடையில் அன்றைக்கு இதே பேச்சு.

"மாமா, இனிமே நாம பேசுறதையெல்லாம் அமெரிக்காக்காரன் கேப்பானாம்."

"கேக்கட்டும்ல. முளைச்ச உளுந்தை எவன் வாங்குவான்னு நானும் அவன்ட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

ஈலான் மஸ்க் ரெண்டே வார்த்தையில் சிக்னல் செயலிக்குச் சிபாரிசு செய்தார். டவர் சிக்னலுக்கே மொட்டைமாடி ஏறுகிற ஜனமும் கிளம்பிவிட்டது. அமெரிக்காவில் இன்னும் விசேஷம்: 'சிக்னல் அட்வான்ஸ்' என்று சம்பந்தமே இல்லாத ஒரு சின்னக் கம்பெனி. பெயரைப் பார்த்தே பங்கை வாங்கித் தள்ளியதில், ஒரு டாலர்கூடப் பெறாதது நாலைந்து நாளில் 38 டாலரைத் தாண்டியது. எல்லாம் படித்தவர்கள்.

ஜனவரி 13, போகி. பழைய பாயைக் கொளுத்திக்கொண்டிருந்த வேளையில், பத்திரிகைகளில் வாட்ஸ்அப்பின் முழுப்பக்க விளம்பரம்: உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு உசிர். மாட்டுப்பொங்கலன்று அடுத்த அறிவிப்பு: கெடு மே 15-க்குத் தள்ளிப்போகிறது. அன்றைக்கே, வந்து குவிந்த கூட்டம் தாங்காமல் சிக்னல் படுத்துக்கொண்டது.

யாரும் மறியல் செய்யவில்லை, பஸ்ஸை நிறுத்தவில்லை. அடுத்த கடைப் பக்கம் திரும்பிப் பார்த்ததோடு சரி. வாட்ஸ்அப்பின் முதலே அத்தையும் மச்சினனும் அதில் இருப்பதுதான். அத்தை கிளம்பினால் மச்சினன் கிளம்புவான். அவன் போனால் குலதெய்வக் கோயில் குரூப்பே போய்விடும். கம்பெனிக்கு இது தெரியும். அத்தைக்குத்தான் தெரியாது.

அத்தை கிளம்பவில்லை. சிக்னலில் போய்ச் சேர்ந்த மச்சினன் ரெண்டு நாள் ஒற்றையில் உட்கார்ந்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் "காலை வணக்கம்" ரோஜாப்பூவோடு பழைய குரூப்புக்கே வந்துவிட்டான். மே 15-ம் வந்தது, போனது. யார் கணக்கும் போகவில்லை.

அந்தத் தாக்கீது மேலான வழக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம், வாட்ஸ்அப்பின் தாய்க் கம்பெனியான மெட்டாவுக்கு (பேஸ்புக்கின் புதுப் பெயர்) 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனி அப்பீலுக்குப் போனது. 2021-ல் அரசு சொன்ன கணக்குப்படி இந்தியாவில் வாட்ஸ்அப் வைத்திருந்தவர்கள் 53 கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 4 ரூபாய். அதுவும் நம் கைக்கு வராது; சர்க்கார் கஜானாவுக்கு.

"டீயே பன்னெண்டு ரூவாப்பா" என்றார் மாமா.