திரிங்காப் விதித்தாள்: மூலமும் உரையும்

பழைய நூல்களைப் பதிப்பிப்போர் முதலில் சுவடியின் நிலையைச் சொல்வது மரபு. இச்சுவடி ஓர் ஏ4 தாள். என் அக்கா மகள் இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றுக்குப் போன முதல் வாரம், ஆங்கில நோட்டின் உள்ளட்டையில் பசை போட்டு ஒட்டிய நிலையில் வீடு வந்து சேர்ந்தது. கிடைத்தது ஒரே படி. ஒப்புநோக்குவதற்குத் தோழியின் தாளைக் கேட்டுப் பார்த்தேன். அதை அவள் தம்பி ராக்கெட் செய்து பறக்கவிட்டுவிட்டானாம். நூற்பெயர் 'கிளாஸ் ரூல்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. ஆசிரியர் பெயர் இல்லை. காலத்தைக் கணிக்க ஓர் அகச்சான்று மட்டும் உண்டு. மேல்மூலையில் பழைய ஆண்டின்மீது வெள்ளை மை பூசி, புது ஆண்டை எழுதி, போட்டோஸ்டேட் எடுத்திருக்கிறார்கள். பூச்சின் விளிம்பு நிழலாக விழுந்திருக்கிறது. உற்றுப் பார்த்தால் அந்த நிழலுக்குள் இன்னொரு நிழல். ஆகவே குறைந்தது மூன்று ஆண்டு மாணவர்கள் இதே தாளைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள் என்று துணியலாம்.

உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது செல்லரித்த ஏடுகளோடு போராடினார். எனக்கு வாய்த்தது பூசணம். மலேசியாவின் கேமரன் மலையில் காகிதம் என்பது பாதி தண்ணீர்தான்.

அடுத்து நிலம். பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவை நோக்கிப் போகும் சாலையில், கியா ஃபார்மைத் தாண்டினால் வருவது திரிங்காப். ஒரு பக்கம் சுங்கை பாலாஸ் தேயிலை, இன்னொரு பக்கம் புளூ வேலித் தேயிலை, நடுவே சீனர்களின் காய்கறித் தோட்டங்கள், அவற்றைப் போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள். தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வைத்தார். யாமத்தைச் சிறுபொழுதாக வைத்தார். அதிகாலை ஆறு மணிக்குப் பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் திரிங்காப் பிள்ளையைக் கேட்டால், மூன்றும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருப்பதாகச் சொல்லும். கருப்பொருளில் முருகன் மட்டும் மாறவில்லை. தினை போய் முட்டைக்கோஸ் வந்தது. பறையின் இடத்தைக் காய்கறி லோரியின் ஹாரன் எடுத்துக்கொண்டது.

இனி நூலுக்குள் நுழையலாம். இத்தகைய தாளைத் தமிழர்க்குப் புதிது என்று கருதுவது பிழை. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியன் எப்படி இருக்க வேண்டும், மாணவன் எப்படி இருக்க வேண்டும், பாடம் எப்படிச் சொல்ல வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று வகுத்துவிட்டார். இன்று அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியின் முதல் வருடத்துக்கு வரும் 14 வயதுப் பிள்ளை கையில் இதே போன்ற தாளைக் கொடுத்துப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அங்கே 'ஃபிரெஷ்மேன்' என்று பெயர். திரிங்காப்பில் 'ஃபிரெஷ்' என்ற அடைமொழி ஸ்ட்ராபெரிக்கும் கீரைக்கும் மட்டுமே உரியது. மாணவனுக்கு வழங்கியதாகச் சான்று இல்லை. இங்கே படிவம் ஒன்றுக்கு வயது 13. தமிழ்ப்பள்ளியிலிருந்தோ சீனப்பள்ளியிலிருந்தோ வந்து, மலாய் போதாதென்று புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டு வந்தால் 14. அதாவது மலாய் தெரியாத காரணத்தால் ஒரு தமிழ்ப்பிள்ளை அமெரிக்கனுக்குச் சமவயது ஆகிறது. இவ்வுண்மையைக் கல்வியாளர்கள் இதுவரை கவனிக்கவில்லை.

பவணந்திக்கும் திரிங்காப் ஆசிரியருக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. பவணந்தி ஆசிரியரின் குற்றங்களையும் சேர்த்தே பட்டியலிட்டார். நிரப்பிய வரிசையில் கொட்டாத கழற்குடம், ஏற முடியாத மடற்பனை, அடைக்கவும் எடுக்கவும் பாடுபடுத்தும் பருத்திக்குண்டிகை, ஒருவன் நீரூற்ற வேறொருவன் பக்கம் சாய்ந்து காய்க்கும் முடத்தெங்கு. விதித்தாளில் இப்பகுதி முழுவதும் காணப்படவில்லை. ஏடு சிதைந்ததா, ஆசிரியர் சங்கம் நீக்கியதா என்பது ஆய்வுக்குரியது.

முதற் சூத்திரம்: 'பீ பங்ச்சுவல்'. போட்டோஸ்டேட்டில் இடது ஓரம் வெட்டுப்பட்டு முதலெழுத்து போய்விட்டது. எஞ்சியிருப்பது 'ஈ பங்ச்சுவல்'. பதிப்பாசிரியன் என்ற முறையில் இதைத் திருத்தவே எண்ணினேன். பிறகு விட்டுவிட்டேன். கோழி எரு போட்ட காய்கறித் தோட்டத்துக்கு அருகில் குடியிருக்கும் எவரும் ஈயின் நேரந்தவறாமையை மறுக்கமாட்டார்கள். மனிதர் நிலைமைதான் வேறு. 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தது. சூரியன் அந்த உத்தரவுக்குக் கட்டுப்படவில்லை. ஆகவே காலை ஏழுக்கும் மலையில் இருட்டுதான். பிள்ளை மட்டும் சபைக்கூடலில் நிற்க வேண்டும். என் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "எங்களுக்குப் பெரட்டு இருந்துச்சு, இவளுக்கு சபைக்கூடலா?" என்றாள். பெரட்டு என்பது தோட்டத்தில் வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் காலை வரிசை. சொற்பிறப்பியலாளர் இரண்டுக்கும் தொடர்பில்லை என்பார்கள். வரிசை ஒன்று, குளிர் ஒன்று, முன்னால் நின்று பெயர் கூப்பிடுகிறவரின் குரலும் ஒன்று. இதற்குமேல் என்ன தொடர்பு வேண்டும்?

வராமை குறித்த சூத்திரம் எளிது. எம்சி எனும் மருத்துவச் சான்று இன்றி விடுப்பு இல்லை. கேமரன் மலையின் நெடுங்கால வராமை ஜிம் தாம்சனுடையது. தாய்லாந்துப் பட்டு வணிகத்துக்கு உலகப் பெயர் தேடித்தந்த இந்த அமெரிக்கர் 1967 மார்ச் 26 அன்று மூன்லைட் பங்களாவிலிருந்து நடந்து போனார். இன்றுவரை திரும்பவில்லை. எம்சியும் வரவில்லை.

வீட்டுப்பாடத்தைத் தாமதமாக ஒப்படைப்போர்க்கு 'மதிப்பெண் குறைக்கப்படும்' என்கிறது தாள். இங்கு நாம் வரலாற்று நியாயம் பார்க்க வேண்டும். 1885இல் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைக் கண்டதாக எழுதினார். வரைபடத்தில் சரியாகக் குறித்துவைக்காமல் போனார். படிவம் ஒன்றில் இதற்கு 'இன்கம்ப்ளீட்' என்று சிவப்பு மையில் எழுதுவார்கள். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை முடிந்தது 1931இல். 46 ஆண்டுத் தாமதம். மதிப்பெண் குறைக்கவில்லை, மலைக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

பாடநூல் பற்றிய சூத்திரத்தை ஒரு பத்தியில் முடிப்பது கடினம், ஆனால் முடிக்கிறேன். 2018 முதல் படிவம் ஒன்றுக்கு வந்த ஆங்கிலப் பாடநூலின் பெயர் 'பல்ஸ் 2'. பிரிட்டிஷ் பதிப்பகம் ஒன்றின் நூல். படிவம் ஒன்றுக்கு ஏன் இரண்டாம் எண், முதல் எண் எங்கே போயிற்று என்ற வினா மாணவர்களிடையே பெரிதாக எழுந்தது. படிவம் இரண்டுக்கும் அதே நூல்தான் என்று தெரிந்ததும் அடங்கிவிட்டது. அங்காவது எண் சரியாக வந்து சேர்ந்ததே! தேர்ச்சியை அளக்கும் கோலும் ஐரோப்பாவினுடையது. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையான படிகள். ஆரம்பப் பள்ளி முடிக்கும்போது ஏ2, இடைநிலைப் பள்ளி முடிக்கும்போது பி1 அல்லது பி2 என்பது அமைச்சின் இலக்கு. நல்லாசிரியனைப் பவணந்தி நிறைகோலுக்கு ஒப்பிட்டார். அந்தக் கோல் கப்பலில் வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். ஐரோப்பிய அளவுகோலுக்குத் தோதான குளிர் மலேசியாவில் இங்கேதான் இருக்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது நூலின் உயிர்நிலைக்கு வருகிறோம். கடைசிக்கு ஒதுக்கிவைத்த இரண்டாம் சூத்திரம்: 'ஸ்பீக் இங்லீஷ் ஒன்லி. ஃபைன் டென் சென்.' சொற்பொருள் வெளிப்படை. கருத்துப்பொருள் ஆழமானது.

இதன் தோற்றத்தை அறிய நாட்டு வரலாற்றைத் தொட வேண்டியிருக்கிறது. 1976இல் ஆங்கிலவழி இடைநிலைப் பள்ளிகளின் படிவம் ஒன்று மலாய்வழிக்கு மாறியது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்குப் போயின. 2012 முதல் படிப்படியாகத் திரும்பி வந்தன. பிறகு 2016இல் சில பள்ளிகளுக்கு மட்டும் இருமொழித் திட்டம். மலைப்பனி இறங்கி ஏறுவது போல ஆங்கிலமும் வந்து போகிறது; இறங்கும்போதெல்லாம் முதலில் நனைகிறவன் படிவம் ஒன்று மாணவன்.

பத்துக் காசு அபராதம் நானும் கட்டியிருக்கிறேன். என் பள்ளியில் அதற்கென ஒரு மைலோ டின் இருந்தது. மூடியில் துளை. யாராவது தமிழிலோ மலாயிலோ மாண்டரினிலோ வாய் திறந்தால், வகுப்புத் தலைவன் டின்னை ஆட்டுவான். வருடக் கடைசி விருந்துக்கு அந்தப் பணம்தான். அவ்வருடம் கறிபாப் வாங்கிக் கொடுத்தது பெரும்பாலும் நானும் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சீனப் பையனும். நான் பேனா கேட்பேன் தமிழில், அவன் இல்லை என்பான் மாண்டரினில், இருபது காசு. ஒரே ஒரு சொல்கூட ஆங்கிலத்தில் பேசாமல், ஆனால் ஒரு காசும் கட்டாமல் அந்த ஆண்டைக் கடந்த மாணவர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள்தான் 'குட் பிஹேவியர்' வாங்கினார்கள். நன்னூலார் மாணவர்களை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டாக வகுத்தார். வாயே திறக்காத ஒன்பதாம் வகையை அவர் கண்டதில்லை. அது பத்துக் காசில் பிறந்த இனம்.

கிளி இனம் மட்டும் தினமும் ஒரு முறை ஒலிக்கும். ஆசிரியர் உள்ளே நுழைந்ததும் முழு வகுப்பும் எழுந்து, 'குட்' என்பதில் தொடங்கி 'டீச்சர்' என்பதில் முடியும் ஐந்து வினாடி ஆலாபனை. அதற்கடுத்து நாள் முழுவதற்கும் தேவைப்படும் ஆங்கிலம் 'மே ஐ கோ டு தி டாய்லெட்' மட்டும்தான். கேமரன் குளிரில் இவ்வாக்கியம் அடிக்கடி பயிலப்படுவதால் உச்சரிப்பு அப்பழுக்கற்றது.

கள ஆய்வின் முக்கியச் சான்று ஒரு சனிக்கிழமை கியா ஃபார்ம் சந்தையில் கிடைத்தது. அக்கா கடையில் அவித்த சோளமும் ஸ்ட்ராபெரியும் வியாபாரம். கோலாலம்பூர்க் கார்கள் சாலையை அடைத்து நிற்க, மேற்படி படிவம் ஒன்று மாணவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, திஸ் ஒன் சுவீட், நாட் சவர், யூ ட்ரை ஃபர்ஸ்ட் லா! நோ நைஸ், நோ நீட் பே!"

ஏ2 இலக்கு எட்டப்பட்டதா என்பதை ஐரோப்பியர் முடிவு செய்யட்டும். அரை மணி நேரத்தில் பதினோரு பாக்கெட் போயிற்று. பன்னிரண்டாவதை எடுத்தவர் அவளுடைய ஆங்கில ஆசிரியை. பிள்ளை அடையாளம் கண்டுகொண்டு நாற்காலியிலிருந்து இறங்கி, "குட் மார்னிங் டீச்சர்" என்றாள். மணி பிற்பகல் மூன்று. டீச்சர் சிரித்தார்.

"ஏம்மா, ரெண்டா எடுத்தா கொறச்சுத் தருவியா?"

இவள் பதில் சொல்லவில்லை. தலையை ஆட்டினாள், பாக்கெட்டை நீட்டினாள், சில்லறையைக் கொடுத்தாள். டீச்சர் போனபின், "ஏன் பாப்பா பேசாம நின்ன?" என்று கேட்டேன்.

"மாமா, டீச்சர்கிட்ட தமிழ்ல பேசினா பத்துக் காசு. இங்கிலீஷ்ல பேசினா தப்பு வந்துரும்."

அப்படியானால் டீச்சர் டின்னில் பத்துக் காசு போட வேண்டுமே என்று சட்ட நுணுக்கம் பேசினேன். அவள் சனிக்கிழமை கணக்கில் சேராது என்றாள். சூத்திரத்தில் இந்த விலக்கு எழுதப்படவில்லை. வழக்கில் உண்டு போலும்.

தாளின் இறுதியில் ஒரு கோடு. அதன் கீழ் 'பேரன்ட்ஸ் சிக்னேச்சர்'. திங்கட்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும். அக்காவும் அத்தானும் ஞாயிறு இரவு வரை கடையில். ஆகவே அம்மாவிடம் போயிற்று. அவள் சின்ன வயதில் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், பிறகு தேயிலைக் கூடையை எடுத்தவள். கையில் கொழுந்துக்கறை இன்றும் முழுதாகப் போகவில்லை. எதிலும் வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடமாட்டாள். தோட்டத்தில் ஏதோ ஒரு காகிதத்தில் அப்படிப் போட்டதால் வந்த வினையாம். அது வேறு கதை.

"என்னடா எழுதியிருக்கு, படி."

ஒவ்வொரு சூத்திரமாக மொழிபெயர்த்தேன். இரண்டாவதை இரண்டு முறை கேட்டாள்.

"தமிழும் பேசக்கூடாது, மலாயும் பேசக்கூடாது, இங்கிலீசு இன்னும் வராது. அப்ப யாரும் பேசக்கூடாதுன்னு ஒரே வரியில எழுதிருக்கலாமே. காகிதம் மிச்சம்."

இதைவிடச் சுருக்கமான உரை இச்சூத்திரத்துக்கு எழுதப்படப்போவதில்லை. நச்சினார்க்கினியரே வந்தாலும் இரண்டு பக்கம் கூட்டித்தான் எழுதுவார்.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோட்டின்மேல் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, தமிழில் தன் பெயரை எழுதினாள். மேலே 'இங்லீஷ் ஒன்லி'. கீழே எட்டுத் தமிழ் எழுத்துகள், கடைசிப் புள்ளி கொஞ்சம் பெரிதாக. புதன்கிழமை நோட்டு திரும்பி வந்தபோது எடுத்துப் பார்த்தேன். கையெழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரி போட்டிருந்தது. பத்துக் காசு கேட்டதாகத் தகவல் இல்லை.