ஏரியிலிருந்து கடலுக்கு

சென்னை வேளச்சேரியில் வெள்ளம் வடிந்ததும் துபாயில் ஃபிளாட் பார்ப்பதுதான் விவேகம். இங்கே ஏரியைத் தூர்த்துத்தான் வீடு கட்டினோம்; அங்கே பாம் ஜுமைரா என்று கடலையே தூர்த்திருக்கிறார்கள். முன்னேற்றம் என்றால் இது!

20 லட்சம் திர்ஹாமுக்கு வாங்கினால் பத்தாண்டு கோல்டன் விசா கேட்கலாம். ரிசர்வ் வங்கியோ ஆளுக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர்தான் அனுப்பவிடும். கணவன், மனைவி சேர்ந்தும் துண்டு விழுகிறதா? கைக்குழந்தைக்கும் அதே வரம்பு உண்டு. தொட்டிலில் கிடப்பவனைப் பங்குதாரர் ஆக்குங்கள். பெயர் சூட்டு விழா அன்றே பான் கார்டு எடுத்துவிட்டால் உத்தமம்.

2024 ஏப்ரலில் அமீரகத்தில் 75 ஆண்டுகள் காணாத மழை. துபாய் விமான நிலையமே குளமானது. மழை என்றாலே காரை மேம்பாலத்தில் ஏற்றிவிடும் நம் வேளச்சேரிக்காரர் பதறவில்லை. புரோக்கரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "பக்கத்துல கார் நிறுத்த மேம்பாலம் இருக்கா சார்?"