தாலாட்டுக்கு எத்தனை கிலோஹெர்ட்ஸ்?

கேள்வி: பாட்டியின் தாலாட்டை வீட்டிலேயே பதிவு செய்ய மைக் வாங்கிவிட்டேன். மென்பொருள் 44.1, 48, 96, 192 என்று கேட்கிறது. 16 பிட்டா, 24 பிட்டா என்று வேறு. பெரிய எண்ணையே அமுக்கிவிடலாமா?
– ஒரு வாசகர், ரிஷிவந்தியம்

பதில்: 192 வைத்தால், மைக் ஒத்துழைத்தால், 96,000 ஹெர்ட்ஸ் வரை பதியும். மனிதக் காதோ 20,000-த்தோடு கடையைச் சாத்திவிடும். மிச்சத்தை ரசிக்கக் கல்வராயன் மலை வௌவால்களைத்தான் அழைக்க வேண்டும். 1982-ல் வந்த சி.டி.க்கே 44.1-ம் 16 பிட்டும் போதுமாயிருந்தது. நீங்கள் 48 வையுங்கள். வீடியோவுக்கும் அதுதான் வழக்கம்.

பிட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பாட்டி முணுமுணுப்பாகத் தொடங்குவார், நடுவில் "அடேய், அடுப்பைப் பாரு!" என்று ஒரு குரல் விடுவார். 24 பிட் என்றால், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவைக் குறைத்தே வைக்கலாம். அதட்டலில் ஒலி கிழியாது, முணுமுணுப்பும் இரைச்சலில் மூழ்காது. ஒற்றைத் தடத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்.பி. (டெல்லிக்குப் போகாமல் உங்கள் வன்தட்டிலேயே தங்கும் எம்.பி.!) 192 என்றால் நான்கு மடங்கு.

எந்த எண்ணைப் போட்டாலும் மின்விசிறிச் சத்தம் துல்லியமாகப் பதியுமே தவிர, போகாது. முதலில் ஃபேனை நிறுத்துங்கள். பாட்டிக்கு வியர்த்தால், பாட்டு முடிந்ததும் நீங்களே விசிறிவிடுங்கள்.