பஜ்ஜி, டீ, ஜன்னலோரம்

ஐப்பசியில் முதல் தூறல் விழுந்ததுதான் தாமதம், ஆரம்பித்துவிட்டார்கள். ஜன்னல் திண்டில் ஒரு கண்ணாடி டம்ளர் டீ, பக்கத்துத் தட்டில் இரண்டு பஜ்ஜி, பின்னால் மங்கலாக மழை, அடியில் ‘எளிய இன்பங்கள்’ என்று ஒரு வரி. பின்னணியில் இளையராஜா. டீயின் மேல் ஆடை படிந்திருப்பது படத்திலேயே தெரிகிறது. கோணம் சரியாக அமையும்வரை பாவம், அது ஆறிக்கொண்டே காத்திருந்திருக்கிறது. வெளிநாட்டில் சில காலம் இருந்துவிட்டு வந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், செக்கச்செவேலென்று மேப்பிள் இலைப் படம் போடுகிறார்கள். நம்மூர் வேம்பு மாசி, பங்குனியில்தான் இலை கொட்டும். ஐப்பசியில் இங்கே உதிர்வது சுவர்க் காரை ஒன்றுதான். அதை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை. என் கட்சி இது: ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாட்டில் எளிய இன்பம் என்று எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் ஒருவர் பாடுபட, இன்னொருவர் ரசிக்கும் இன்பம். இதற்கு அசைக்க முடியாத சான்று ஒன்று கைவசம் இருக்கிறது. சின்னச் சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

பஜ்ஜியையே எடுத்துக்கொள்வோம். ‘இந்த மழைக்கு நாலு பஜ்ஜி போட்டா நல்லாருக்கும்ல?’ என்ற கேள்வி நாற்காலியிலிருந்துதான் எழும். அடுப்பங்கரையிலிருந்து எழுந்ததாக வரலாறு இல்லை. யார் போடுவது என்பதை அந்தக் கேள்வி சாமர்த்தியமாக விழுங்கிவிடும். ஆனால் கேட்டவரைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். வாழைக்காய் சீவி, கடலை மாவு கரைத்து, எண்ணெய் காயும்வரை நின்று, ஈடு ஈடாக எடுத்துக் கூடத்துக்கு அனுப்பியபின், போட்டவருக்கு மிஞ்சுவது சட்டியின் அடியில் கருகிக் கிடக்கும் மாவுத் துணுக்குகள். அதற்குள் மழையும் விட்டிருக்கும். பஜ்ஜி வேண்டாம், வெங்காயப் பக்கோடா போதும் என்று சிக்கனம் பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பங்குனி, சித்திரையில் அறுவடையாகிக் கிடங்கில் கிடக்கும் வெங்காயம் தீரும் நேரமும், புதுச் சரக்கு இன்னும் முழுசாக வந்துசேராத நேரமும் இதே ஐப்பசிதான். 2019இல் மகாராஷ்டிரத்தில் மழை விடாமல் பெய்து பயிரைக் கெடுத்தது. மத்திய அரசு செப்டம்பரிலேயே வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அப்படியும் டிசம்பரில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ஆக, எளிய இன்பத்துக்கான மூலப்பொருள் விலையேறும் பருவம் பார்த்து நமக்கு ஆசை வருகிறது. போதாததற்கு, ஈரக்காற்றில் ஐந்து நிமிடத்துக்குள் பக்கோடா நமுத்துப் போகிறது. முறுக்கு நமுக்கிறது, அப்பளம் நமுக்கிறது, தீக்குச்சி நமுக்கிறது, தீபாவளிக்கு மிச்சம் பிடித்து வைத்த வெடி நமுக்கிறது. கல்லுப்பு ஜாடிக்குள்ளேயே அழுதுகொண்டிருக்கிறது.

அடுத்தது மண்வாசனை. இதில் எனக்கு ரசாயனம் துணை நிற்கிறது. காய்ந்த மண்ணில் மழை விழுந்தால் எழும் வாசனையைப் பற்றி இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1964இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வறண்ட நாட்களில் தாவர எண்ணெய்கள் கல்லிலும் மண்ணிலும் படிகின்றன. மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. முதல் துளிகள் பட்டதும் எல்லாம் சேர்ந்து காற்றில் எழும்புகின்றன. இதற்கு மண் முதலில் காய்ந்திருக்க வேண்டும். ஆனால் நம் ஆட்கள் அடைமழையின் நான்காம் நாளும், தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போதும், மூச்சை ஆழ இழுத்து ‘ஆஹா, மண்வாசனை’ என்கிறார்கள். நான்காம் நாள் வருவது மண்வாசனை அல்ல. மூடி பெயர்ந்த சாக்கடையின் வாசனை.

இப்போது துணி. வடகிழக்குப் பருவமழையைப் பற்றிப் புத்தகங்கள் சொல்வது, தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்கிறது என்பது. சொல்லாமல் விடுவது, அந்த மூன்று மாதமும் தமிழ்நாட்டின் துணி முழுவதும் ஈரமாகவே இருக்கிறது என்பது. ஈரப்பதம் தொண்ணூறு விழுக்காட்டைத் தொட்டுவிட்ட காற்றுக்கு, லுங்கியில் இருக்கும் தண்ணீரை வாங்கிக்கொள்ள இடமில்லை. மொட்டை மாடிக் கொடியில் போட்டால், துளி விழுந்ததும் ‘மேல துணி கெடக்கு!’ என்று எந்த வீட்டிலிருந்தோ ஒரு குரல் வரும். அந்த ஒரு குரலுக்குத் தெருவே மாடிப்படி ஏறும். வாரிச் சுருட்டிக் கீழே கொண்டுவந்து போட்ட அடுத்த நிமிடம் சுள்ளென்று வெயில் அடிக்கும். மறுபடி ஏறி, மறுபடி உலர்த்தி, கடைசிக் கிளிப்பைக் குத்தும்போது மழை பிடித்துக்கொள்ளும். இரண்டு தடவைக்குமேல் இதைச் செய்ய எந்த மனிதராலும் முடியாது. துணி வீட்டுக்குள் வரும். இந்த ஜன்னல் கம்பிக்கும் அந்த ஜன்னல் கம்பிக்கும் நடுவே நைலான் கயிறு ஏறும். விருந்தாளி யாராக இருந்தாலும், எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், ஓர் உள்பாவாடைக்குக் கீழே தலையைக் குனிந்துதான் கூடத்துக்குள் வர முடியும். கயிறு நிறைந்தால் நாற்காலி முதுகு. அது நிறைந்தால் கதவின் மேல்விளிம்பு, சைக்கிள் ஹேண்டில்பார், உடற்பயிற்சிக்கென்று வாங்கி வேறெதற்கும் பயன்படாத ஓட்ட இயந்திரம். பள்ளிக்கூட சாக்ஸுக்குத் தனி மரியாதை: ஃப்ரிட்ஜின் பின்புறம் கொஞ்சம் சூடாக இருக்கும் என்று யாரோ கண்டுபிடித்து, அது தலைமுறை ரகசியமாகக் கைமாறி வருகிறது. மின்விசிறி ஐந்தில் சுழல்கிறது. கீழே மனிதர்கள் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது எப்படி? முடியாது. மனிதத் தோலில் சூட்டுக்கும் குளிருக்கும் அழுத்தத்துக்கும் உணர்விகள் உண்டு; ஈரத்துக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. குளிர்ச்சியையும் தொடுவுணர்ச்சியையும் கூட்டிப் பார்த்து மூளை ‘ஈரம்’ என்று தீர்ப்புச் சொல்கிறது. ஐப்பசியில் காய்ந்த துணியும் சில்லென்றுதான் இருக்கும். எனவேதான் ஒவ்வொரு வீட்டிலும் தினமும் அந்த வழக்கு: ஒருவர் ‘காஞ்சிருச்சு’ என்கிறார், இன்னொருவர் ‘நசநசன்னு இருக்கு’ என்கிறார், மூன்றாமவர் வந்து சட்டைக் காலரைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு எந்தப் பக்கமும் சேராமல் போய்விடுகிறார். இஸ்திரி போட்டால் தீரும் என்பவர்கள் உண்டு. தீராது. புஸ்ஸென்று ஆவி எழும்பும், வாடை கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். அந்த முடைநாற்றத்துக்குக் காரணமான மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவை 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள். துணி உலர்ந்தாலும் அது சாவதில்லை; மறுபடி ஈரம் பட்டால் வேலையைத் தொடங்கிவிடுகிறது. காலையில் மணமாகக் கிளம்பியவர் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் நின்று வியர்த்ததும், பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது இதனால்தான். முக்கியமான சான்றுக்குப் போகும்முன் ஜீன்ஸைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஜீன்ஸ் காய்வதே இல்லை. கால் பகுதி காய்ந்ததைப் போல் நடித்து நம்மை ஏமாற்றும். இடுப்புப் பட்டியும், நாலு மடிப்பாகத் தைத்த ஓரமும், பைக்குள் இருக்கும் வெள்ளைத் துணியும் சொதசொதவென்றே இருக்கும். உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் உள்ளே காய்ந்து வெளியே ஈரமாகும். மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபிறகுதான் உண்மை தெரியும். அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு நாற்காலி நுனியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பவர்களை ஊக்கமுள்ள ஊழியர்கள் என்று மேலாளர்கள் தப்பாகக் கணக்கிடுகிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘ரசனை கெட்ட ஜென்மம், மழையைக் கொண்டாடிய மரபு ஐயா நம்முடையது’ என்று யாராவது கிளம்புவார்கள். மரபைத்தான் பார்ப்போமே. ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த கூதிர் காலத்தைப் பற்றி நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய ஆவணம் நக்கீரரின் ‘நெடுநல்வாடை’, 188 அடி. அதில் என்ன இருக்கிறது? வெள்ளத்துக்குப் பயந்து மாட்டை மேட்டுக்கு ஓட்டிய கோவலர்கள் நெருப்பில் கை காய்ச்சியும் நடுங்குகிறார்கள். மாடு மேய்ச்சலை மறக்கிறது, பால் குடிக்க வந்த கன்றை உதைக்கிறது. குரங்கு குன்னிப்போய் உட்கார்ந்திருக்கிறது. புறா இரவா பகலா என்று தெரியாமல் திகைத்து, இருந்த இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நிற்கிறது. சந்தனக் கல் சும்மா கிடக்கிறது, விசிறியில் சிலந்தி நூல் கட்டுகிறது, குளிர்ந்த தண்ணீரை யாரும் சீண்டுவதில்லை. மழையைப் பொருட்படுத்தாமல் தெருவில் சந்தோஷமாகத் திரிகிறவர்கள் சிலர் அதில் வருகிறார்கள்; அவர்கள் நன்றாகக் குடித்திருக்கிறார்கள். தமிழின் தலைசிறந்த மழைப்பாட்டு ஒரு முதல்தரப் புலம்பல். என்னிடம் ரசனை இல்லை என்பவர்கள் முதலில் நக்கீரரிடம் கேட்டுவிட்டு வரட்டும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை மறந்துவிட்டு மழையைத் திட்டலாமா? மறக்கவில்லை. டெல்டாவில் சம்பாவுக்கு இந்த மழைதான் கதி என்பதும் தெரியும். ஆனால் வேண்டும் என்பதும் குறை சொல்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை வேண்டியவர்தான். நான்காம் நாளும் பெட்டியைக் கட்டாமல் இருந்தால் மாமனார் அடுக்களைப் பக்கம் போய் முணுமுணுக்கத்தான் செய்வார். சம்பா நட்ட விவசாயி மழை பெய்யாவிட்டாலும் புலம்புகிறார், வரப்பு மறையத் தண்ணீர் நின்றாலும் புலம்புகிறார், இரண்டுமே நியாயம். எத்தனை நாள் நின்றது, எப்போது வடியும், நாற்று அழுகுமா தாங்குமா என்று அந்தப் புலம்பலில் கணக்கு இருக்கிறது. டம்ளர் படத்தில் அது இல்லை.

அப்படிக் கணக்கோடு போடுகிற ஒரு வகையினரை மட்டும் நான் மன்னிக்கத் தயார். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப்பின் சென்னையில் வளர்ந்த கூட்டம் இது. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். 2020இல் நிவர் புயலின்போது 22 அடியிலேயே மதகைத் திறந்ததற்குத் தேதி சொல்வார்கள். பெண்ணின் பிறந்தநாளைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பஜ்ஜி இல்லை, டீ இல்லை, இளையராஜா இல்லை. ஏரியில் இத்தனை அடி, வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு என்று மூன்றே எண். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதிலும் பாருங்கள், பாதிப் பேர் நேற்றுக் காலை ஆறு மணி நிலவரத்தை இன்று ராத்திரி பத்து மணிக்கு ‘அவசரம், அனைவருக்கும் பகிரவும்’ என்று போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள்.